துப்பாக்கி ஒலித்த நீர்நிலைகள்: வேட்டை நிலங்களும் பறவைக் காப்பின் வரலாறும்

விருதுநகர் மாவட்டத்தின் வடமேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் கூமாப்பட்டி. வத்திராயிருப்பை அடுத்த இவ்வூருக்கு மேற்கே பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் உள்ளன. கிழக்கே நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் கண்மாய்களும் பரந்து கிடக்கின்றன. மலையில் பெய்யும் மழை அணைகளில் தேங்கிக் கால்வாய் வழியே கண்மாய்களை நிறைக்கிறது. கண்மாயில் நீர் நின்றால் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் தாமாகவே வந்து சேர்கின்றன.

2025ஆம் ஆண்டின் இடைப்பகுதியில் சமூக ஊடகக் காணொளிகளால் இவ்வூரின் பெயர் தமிழகம் முழுவதும் பரவியது. இயற்கை அழகைக் காணும் ஆவலுடன் தொலைவிலிருந்து வந்தோர் பலர், அணைப் பகுதிக்குள் செல்ல அனுமதி இல்லை என்று அறிந்து திரும்பினர். அணைக்கு அப்பால் எழும் மலையோ ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கும் இசைவின்றி நுழைதல் இயலாது.

இந்நிகழ்ச்சி சிறியதே. ஆயினும் அதனுள் ஒரு பழைய வினா அடங்கியிருக்கிறது. பொதுமக்களுக்கு உரியதென்று சொல்லப்படும் காட்டிலும் நீர்நிலையிலும் யார் நுழையலாம்? எதன் பொருட்டு நுழையலாம்? சென்ற இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவுக்கு இந்நாட்டில் பலவகை விடைகள் கூறப்பட்டுள்ளன. முதலில் துப்பாக்கி ஏந்தியவனுக்கு வழி திறந்திருந்தது. பின்னர்ப் பறவையைக் கண்ணால் காண வருவோருக்கு வழி திறந்தது. இவ்விரு காலத்திலும் அந்நிலத்தைச் சூழ்ந்து வாழ்ந்த உழவரும் ஆயரும் மலைவாழ் மக்களும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டதுண்டு. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்கள் அறிந்திருக்கத்தக்க வரலாறு இது.

வேட்டைக்கென வேலியிட்ட காடுகள்

பண்டைத் தமிழகத்தில் வேட்டை என்பது குறிஞ்சி நில மக்களின் உணவுத் தேட்டமாகவும், மன்னரின் பொழுதுபோக்காகவும் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சி இதனைச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. 1877இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கம் ஒன்று தோன்றியது. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காடுகள் ஒதுக்குக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் வேட்டையாடுவதற்கு அரசின் உரிமம் வேண்டும் என்னும் விதிகள் எழுந்தன.

இச்சட்டங்களில் 'பாதுகாப்பு' என்னும் சொல் இடம்பெற்றிருந்தாலும், அதன் நோக்கம் உயிர்களிடத்து இரக்கம் அன்று. உரிமம் பெற்ற வேட்டைக்காரருக்கு அடுத்த பருவத்திலும் வேட்டைப்பொருள் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். இனப்பெருக்க மாதங்களில் சுடக் கூடாது என்று விலக்கினார்கள். மற்ற மாதங்களில் கட்டணம் செலுத்தியவர் சுடலாம். வலை வீசியும் கண்ணி வைத்தும் வயிறு வளர்த்த மலைமக்களோ ஒரே நாளில் களவாடுவோர் என்று கருதப்படும் நிலை வந்தது. ஒரே பறவையைக் கொல்பவருள் ஒருவர் விளையாட்டு வீரர், மற்றொருவர் குற்றவாளி என்னும் வேறுபாடு இங்கே பிறந்தது.

1887இல் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டமும், 1912இல் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் இந்திய அளவில் இயற்றப்பட்டன. இவையும் பெரும்பாலும் வேட்டைக்கு உரிய காலத்தையும் விலக்கிய காலத்தையும் வகுத்தனவே அன்றி, வேட்டையை முற்றும் ஒழிக்க முனையவில்லை.

வேடந்தாங்கல் மக்கள் பெற்ற கவுல்

இவ்வனைத்துச் சட்டங்களுக்கும் நெடுங்காலம் முன்னரே, தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்று தன் ஏரிப் பறவைகளுக்காக ஆட்சியாளரிடம் வழக்காடி வென்றது. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலே அவ்வூர். வந்தவாசி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணர்க்கு இது அயலூர் என்றே சொல்லலாம். வேடர்கள் தங்கிய இடம் என்று பெயருக்குப் பொருள் கூறுவோர் உண்டு. தொண்டை நாட்டில் 'தாங்கல்' என்பது சிறு நீர்நிலைக்கும் பெயர். வேடரின் பெயர் தாங்கிய ஊரே பறவைகளின் புகலிடம் ஆனது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரியின் நடுவே நீரில் நிற்கும் மரங்களில், ஐப்பசி கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா, வக்கா முதலியன அவற்றுட் சில. பறவைகளின் எச்சம் ஏரிநீரில் கலக்கிறது. அந்நீர் பாயும் வயல்களுக்கு வேறு எரு மிகுதியாக வேண்டுவதில்லை என்பது அவ்வூர் உழவர் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த உண்மை. பறவையைக் காத்தலும் பயிரைக் காத்தலும் அவர்களுக்கு ஒன்றாகவே இருந்தன.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர்கள் செங்கற்பட்டுப் பகுதியிலிருந்து வந்து ஏரிப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். படைவீரரின் பார்வையில் அது எவருக்கும் சொந்தமில்லாத நீர்நிலை. பறவையும் எவருக்கும் சொந்தமில்லாத பொருள். ஊரார் பார்வை வேறு. அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர். அப்போது ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் அம்முறையீட்டை ஏற்று, 1798இல் ஊராருக்குக் கவுல் ஒன்று வழங்கினார். ஏரிப் பறவைகளை எவரும் சுடாதபடி காக்கும் உரிமையை அக்கவுல் ஊராருக்கு உறுதி செய்தது. பின்னர் 1858இல் அவ்வுரிமை மீண்டும் புதுப்பித்துத் தரப்பட்டது.

இந்நிகழ்ச்சியின் சிறப்பை ஊன்றி நோக்க வேண்டும். ஆட்சியர் பறவைகளுக்கென்று ஒரு வேலி அமைத்து ஊராரை வெளியேற்றவில்லை. காவலை ஊராரிடமே ஒப்புவித்தார். கவுல் என்பது இரு தரப்பாருக்கு இடையே ஆகும் உடன்படிக்கை. ஒரு தரப்பு அரசு, மறு தரப்பு ஊர். காப்பதும் அவர்கள், பயன் பெறுவதும் அவர்கள். துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமே அங்கு அயலார் ஆயினர். உலகின் பல நாடுகளில் பறவைக் காப்பு என்னும் எண்ணமே தோன்றாத காலத்தில் இவ்வுடன்படிக்கை எழுதப்பட்டது.

விடுதலைக்குப் பின் வேடந்தாங்கல் அரசின் சரணாலயமாக வளர்ந்தது. இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன் அதன் பறவைகளைப் பற்றி எழுதி நாடறியச் செய்தார். 1998இல் ஏரியைச் சூழ்ந்த ஐந்து கிலோமீட்டர் ஆரத்துக்கு உட்பட்ட பகுதி சரணாலய எல்லையாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அவ்வெல்லைக்குள் உட்பகுதியை மூன்று கிலோமீட்டராக வரையறுக்கும் முன்மொழிவு எழுந்தபோது, ஊராரும் இயற்கை ஆர்வலரும் எதிர்க்குரல் எழுப்பினர். 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புவாய்ந்த நீர்நிலைகளாகப் பட்டியலிடப்பட்டன. படைவீரரின் துப்பாக்கி போய், தொழிற்சாலையும் எல்லைக் கோடும் வழக்கின் பொருள் ஆயின. ஊராரின் காவல் மட்டும் தொடர்கிறது.

பரத்பூர்: கொலைக்களம் காட்சிக்களம் ஆனது

வேடந்தாங்கலுக்கு நேர்மாறான வரலாறு இராசத்தானத்துப் பரத்பூருக்கு உரியது. அங்குள்ள கேவலாதேவ் கானா என்னும் சதுப்பு நிலம் ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரத்பூர் அரசினர் அதனை வாத்து வேட்டைக்கென்றே திருத்தி அமைத்தனர். கரைகளும் மதகுகளும் கட்டி, அஜன் அணைக்கரையிலிருந்து நீரைக் கொணர்ந்து தேக்கி, பறவைகள் பெருந்திரளாக இறங்கும்படி செய்தனர். 1902இல் ஆளுநர் தலைவர் கர்சன் பிரபு அங்கு வேட்டைக்கு வந்தார். ஒவ்வொரு பெருவேட்டையின் நாளும், வந்த விருந்தினரின் பெயரும், வீழ்ந்த பறவைகளின் எண்ணிக்கையும் கல்லில் பொறிக்கப்பட்டன. அக்கல் இன்றும் அங்கு நிற்கிறது. 1938 நவம்பரில் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன என்று அக்கல் சான்று கூறுகிறது.

படிப்போர் உள்ளம் நடுங்கும் எண்ணிக்கை இது. ஆயினும் வரலாற்றை நேர்மையாக நோக்கினால் வேறொன்றும் புலப்படும். வேட்டைக்கென ஒதுக்கப்படாதிருந்தால் அச்சதுப்பு நிலம் எப்போதோ வடிக்கப்பட்டு வயலாகியிருக்கும். விடுதலை பெற்ற பின் சுற்றுப்புற உழவர் அந்நிலத்தை வேளாண்மைக்குக் கேட்டனர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி அதனைக் காக்குமாறு பிரதமர் நேருவை வேண்டினார். 1956இல் அது பறவைகள் சரணாலயம் ஆயிற்று. வியப்பு என்னவெனில், சரணாலயம் என்று பெயரிட்ட பின்னரும் மன்னர் குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. பறவை காண வந்தோரும் பறவை சுட வந்தோரும் ஒரே நிலத்தில் பதினாறு ஆண்டுகள் உரிமை கொண்டிருந்தனர்.

சாலிம் அலியின் வாழ்வே இம்மாற்றத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிறுவனாய் இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றை இனம் அறிவதற்காகப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு எடுத்துச் சென்றதே அவரைப் பறவையியலின் பக்கம் திருப்பியது. சுட்டுப் பார்த்த கண் பின்னாளில் சுடாமல் பார்க்கக் கற்றுக்கொண்டது.

1972இல் இந்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் முதல் வடிவத்திலும் சில வகை வேட்டைக்கு உரிமம் வழங்க இடம் இருந்தது. 1991இல் செய்த திருத்தமே அவ்வுரிம முறையை நீக்கியது. பொழுதுபோக்கு வேட்டை இந்நாட்டில் சட்டப்படி முடிவுக்கு வந்தது அப்போதுதான்.

பரத்பூரில் துப்பாக்கி ஓய்ந்த பின் மற்றொரு துயரம் நேர்ந்தது. 1982இல் அந்நிலம் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. தேசியப் பூங்காவில் மேய்ச்சல் கூடாது என்பது சட்டம். சுற்றுப்புற ஊர்களின் எருமைகள் காலங்காலமாக அச்சதுப்பில் மேய்ந்து வந்தன. அவ்வாண்டு நவம்பரில் மேய்ச்சல் திடீரென்று தடுக்கப்பட்டது. மாற்று மேய்ச்சல் நிலமோ தீவன ஏற்பாடோ முன்கூட்டிச் செய்யப்படவில்லை. மக்கள் திரண்டு எதிர்த்தனர். காவல் துறையினர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். பறவைகளைச் சுடாமல் காக்க எழுந்த வேலியின் முன் மனிதர் சுடப்பட்டனர்.

இதன் பின்னுரை அறிவுக்கு உரியது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் அங்கு ஏறத்தாழ பத்தாண்டு ஆய்வு நடத்தியது. எருமைகள் மேயாததால் நீரில் ஒருவகைப் புல் அடர்ந்து பரவி நீர்ப்பரப்பை மூடியது. அதனால் நீர்ப்பறவைகளுக்கு இரையும் இடமும் குறைந்தன என்று அவ்வாய்வு கண்டது. ஆயரை வெளியேற்றியதால் பறவைக்கும் நன்மை விளையவில்லை. எருமையும் பறவையும் மனிதனும் ஒன்றையொன்று சார்ந்து நின்ற அமைப்பை அறியாமல் ஒன்றை மட்டும் பிரித்துக் காக்க முயன்றதன் பயன் அது. 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த அப்பூங்கா, நீர்ப் பற்றாக்குறையாலும் பின்னர் இடர்ப்பட்டது. நெடுந்தொலைவிலிருந்து அங்கு வந்து குளிர்காலத்தைக் கழித்த சைபீரியக் கொக்குகள் 2002க்குப் பின் வரவில்லை.

கடல் கடந்த நாடுகளில்

இவ்வழக்கு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மலைமுகட்டின் வழியே ஆண்டுதோறும் பருந்துகள் வலசை செல்லும். வேட்டைக்காரர்கள் அம்முகட்டில் அமர்ந்து பருந்துகளைத் திரளாகச் சுட்டு வீழ்த்துவது வழக்கமாய் இருந்தது. 1934இல் ரோசலி எட்ஜ் என்னும் பெண்மணி அம்மலை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, காவலர் ஒருவரை அமர்த்தி, துப்பாக்கிகளைத் தடுத்து நிறுத்தினார். அடுத்த ஆண்டு முதல் பருந்துகளைக் காண விரும்பும் மக்களுக்கு அவ்விடம் திறக்கப்பட்டது. அதே இடம், அதே பறவை. ஆனால் வந்தவரின் கையில் இருந்த பொருள் மாறியது.

அந்நாட்டில் பிற பொது நிலங்களின் நிலை வேறு. 1934இல் தொடங்கிய வாத்து வேட்டை முத்திரைக் கட்டணமும், 1937இன் சட்டப்படி துப்பாக்கி, வெடிமருந்து விற்பனையில் தண்டும் வரியும் காட்டுயிர் நிலங்களை வாங்கவும் பேணவும் பயன்படுகின்றன. எனவே 'பணம் கொடுப்போர் நாங்கள். நிலத்தில் முதல் உரிமையும் எங்களுக்கே' என்று வேட்டையாடுவோர் வாதிடுகின்றனர். 'நிலம் எல்லோருக்கும் பொது. நாங்களும் பங்கு செலுத்த ஆயத்தமாக உள்ளோம்' என்பது பறவை காண்போரின் மறுமொழி. ஐரோப்பாவில் மால்டா தீவின் அரசு 2020 அக்டோபரில் மிஜீப், ஆஹ்ராக்ஸ் என்னும் இரு பொதுக் காட்டுப் பகுதிகளின் மேலாண்மையை வேட்டைக்காரர் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. பொதுமக்கள் உலாவும் இடம் வேட்டைக்காரர் கைக்குப் போவதா என்று அங்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது.

செலவிடுபவனே உரியவன் என்னும் வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. அது கொல்லாமை விரும்புவோருக்கு ஒரு பாடமும் ஆகும். வேட்டையை வெறுப்பது மட்டும் போதாது. நீர்நிலையைத் தூர்வாரவும் மரம் நடவும் காவலுக்கு ஊதியம் கொடுக்கவும் முன்வருவோரின் சொல்லே நிலத்தைப் பற்றிய முடிவுகளில் எடுபடும்.

வெடி முழங்காத ஊர்கள்

வேடந்தாங்கலின் வழி தமிழகத்தின் தென்பகுதியிலும் தொடர்வது மகிழ்ச்சிக்கு உரியது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கு 1977இல் சரணாலயம் அமைந்தது. ஊராரின் நோன்பு அதற்கும் முந்தையது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. பறவை வரவு நல்வரவு என்று ஊரார் கருதுகின்றனர். 1994இல் அது சரணாலயம் ஆயிற்று.

ஐப்பசி அமாவாசை நாளில் வர்த்தமான மகாவீரரின் வீடுபேற்றை விளக்கேற்றி நினைவுகூரும் சமணர்க்கு, அதே நாளில் பறவைக்காக வெடியை விலக்கும் இவ்வூர்கள் உறவு முறையினவே. அவ்வூரார் சமணர் அல்லர். ஆயினும் அவர்தம் ஒழுக்கம் சமணர் போற்றும் ஒழுக்கம்.

வேட்டை ஒழிந்ததனால் வாழ்வு இழந்தோரையும் மறத்தல் ஆகாது. பறவை பிடித்தலை மரபுத் தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவர் மக்களுக்கு 1972இன் சட்டம் தொழிலைப் பறித்தது. மாற்றுத் தொழிலை உடனே தரவில்லை. ஊசியும் பாசியும் விற்று ஊர் ஊராக அலைந்த அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023இன் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒருவன் கையிலிருந்து கண்ணியை வாங்கிக்கொள்ளும் சமுதாயம், அதே கையில் வேறு பிழைப்பை வைக்கக் கடமைப்பட்டுள்ளது. கொல்லாமை என்பது கொலைத்தொழிலை விட்டவனுக்கு வாழ வழி காட்டுவதையும் உள்ளடக்கியதே.

சமண நூல்கள் காட்டும் நெறி

இவ்வழக்குகளில் எழும் வினாக்களைச் சமணச் சான்றோர் முன்னரே எண்ணிப் பார்த்துள்ளனர். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதர் தம் திருமண ஊர்வலத்தின்போது, விருந்துக்கெனப் பட்டியில் அடைக்கப்பட்டுக் கதறிய உயிர்களைக் கண்டார். மணவினையைத் துறந்து தவவழி சென்றார். போளூரை அடுத்த திருமலையில் ஓங்கி நிற்கும் நேமிநாதர் திருவுருவத்தை வணங்குவோர் இவ்வரலாற்றை அறிவர். பிறர் மகிழ்ச்சிக்காக ஓர் உயிர் ஓரிடத்தில் கூட்டி நிறுத்தப்பட்டுக் கொல்லப்படுவதை அவர் ஏற்கவில்லை. பறவைகளை இறங்கச் செய்து சுட்ட பரத்பூர்ப் பெருவேட்டை அத்தகையதே.

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தில் வரும் முற்பிறப்பு வரலாறு மேலும் நுட்பமானது. சீவகன் முற்பிறவியில் அசோதரன் என்னும் அரசகுமாரனாய் இருந்தான். நீர்நிலையில் இருந்த அன்னப் பார்ப்பு ஒன்றைப் பிடித்துக் கொணர்ந்து வளர்த்தான். கொல்லவில்லை, வருத்தவும் நினைக்கவில்லை, விருப்பத்துடன்தான் வளர்த்தான். ஆயினும் தந்தையாகிய பவணமாதேவன் அது தீவினை என்று அறிவுறுத்தினான். தாயையும் சுற்றத்தையும் பார்ப்பினின்று பிரித்த அவ்வினையே மறுபிறப்பில் சீவகனைத் தன் சுற்றத்தினின்று பிரித்தது என்பது காப்பியம் கூறும் செய்தி.

அன்பின் பெயரால் செய்தாலும், ஓர் உயிரை அதன் இடத்தினின்றும் சுற்றத்தினின்றும் பிரித்தல் தீங்கே என்பது இதன் உட்கருத்து. இக்காலத்துக்கு இது இருவகையில் பொருந்தும். ஒன்று, பறவை காண வருவோரைப் பற்றியது. கூட்டை நெருங்கிப் படம் எடுப்பதும், அடைகாக்கும் தாயை எழுப்பி விரட்டுவதும், கூட்டமாய்க் கூச்சலிடுவதும் துப்பாக்கி இல்லாத வேட்டையே ஆகும். தாய் அகன்ற சிறிது நேரத்தில் முட்டை வெயிலில் கெடும். குஞ்சைக் காக்கை கொத்திச் செல்லும். மற்றொன்று, காப்போரைப் பற்றியது. காடும் நீரும் தம் வாழ்வாகக் கொண்ட மக்களைப் பறவையின் பொருட்டென்று அவ்விடத்தினின்று பிரிப்பதும் எண்ணிப் பார்க்கத்தக்க வினையே.

மீண்டும் கூமாப்பட்டி மலையடிவாரத்தில்

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988இல் சாம்பல்நிற மலையணிலுக்கெனச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர். 2021இல் மேகமலையுடன் இணைத்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புலிகள் காப்பகம் ஆக்கப்பட்டது. இருவாச்சி முதலிய அரிய பறவைகளும் இம்மலையில் வாழ்கின்றன. வைகைக்கும் சமவெளிக் கண்மாய்களுக்கும் நீர் தருவன இம்மலைத்தொடரின் ஓடைகளே. ஆகவே இக்காட்டைக் காப்பது சமவெளி உழவருக்கும் இன்றியமையாதது.

இங்கும் உரிமை கோருவோர் பலர். மலையடிவாரத்தில் பளியர் குடியிருப்புகள் உள்ளன. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த மக்கள் அவர்கள். சதுரகிரிக்கு வழிபாட்டின் பொருட்டு அடியார்கள் செல்கின்றனர். எந்த நாளில், எந்த நேரத்தில் செல்லலாம் என்பது நீண்ட காலமாக வழக்குக்கு உரியதாய் இருந்து வருகிறது. ஆடு மாடு மேய்ப்போர் உள்ளனர். இப்போது இயற்கையைக் காண வரும் நகரத்தாரும் சேர்ந்துள்ளனர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆய்வு, படப்பிடிப்பு, சுற்றுலா முதலியவற்றின் பொருட்டுச் சரணாலயத்துக்குள் செல்ல இசைவு வழங்க வகை செய்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம் காடுவாழ் மக்களின் பழைய உரிமைகளை ஏற்றுக்கொள்கிறது. எனவே சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. யாரைக் கலந்து, எந்த ஒழுங்கில் அவ்வழியைத் திறப்பது என்பதே எஞ்சிய வினா.

வரலாறு அதற்கு மூன்று விடைகளைத் தருகிறது. பரத்பூரின் வேட்டைக்காலம், வலியவனுக்கு மட்டும் திறந்த நிலம் கொலைக்களம் ஆகும் என்பதைக் காட்டுகிறது. அதே பரத்பூரின் 1982ஆம் ஆண்டு, ஊராரைக் கலவாமல் மூடிய நிலமும் குருதி சிந்த வைக்கும் என்பதைக் காட்டுகிறது. வேடந்தாங்கலின் 1798ஆம் ஆண்டு, ஊராரையே காவலராக ஏற்ற நிலம் இருநூறு ஆண்டுகள் கடந்தும் உயிர்ப்புடன் விளங்கும் என்பதைக் காட்டுகிறது.

கூமாப்பட்டியின் கண்மாய்கள் காப்பகத்தின் எல்லைக்குள் அடங்கியவை அல்ல. அவை ஊரின் நீர்நிலைகள். மலையின் கதவு அடைத்திருக்கும்போதும் கண்மாய்க் கரையில் நின்று, பயிருக்கும் பறவைக்கும் இடையூறின்றி, நாரையையும் கொக்கையும் காண எவருக்கும் தடை இல்லை. அக்கரையில் நெகிழிக் குப்பையை எறியாமலும், கூட்டை நெருங்காமலும், ஊராரின் சொல்லுக்கு மதிப்பளித்தும் நடந்துகொண்டால் வருகை ஊருக்கும் நன்மை தரும். வேடந்தாங்கல் உழவரைப் போன்று, பறவை தங்கினால் தம் வயல் செழிக்கும் என்பதை இவ்வூர் உழவரும் அறிந்தவரே. அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு தொடங்கும் எந்தக் காப்பும் நிலைக்கும்.

கூமாப்பட்டிக்குத் தென்கிழக்கே கழுகுமலைப் பாறையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வடிக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக அமர்ந்துள்ளன. பறவையின் பெயரால் வழங்கும் அம்மலையில் பாண்டிய நாட்டுச் சமணர் தங்கித் தவமும் கல்வியும் வளர்த்தனர். அருகன் திருமுன் அரசனும் உழவனும், விலங்கும் பறவையும் ஒருங்கே அமர்ந்து அறம் கேட்கும் பேரவையைச் சமவசரணம் என்று நூல்கள் போற்றுகின்றன. அவ்வவையில் ஒவ்வோர் உயிர்க்கும் இடம் உண்டு. எந்த உயிரும் பிற உயிருக்கு அஞ்சுவதில்லை. பொதுநிலம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு அதனினும் சிறந்த உருவகம் தேட வேண்டுவதில்லை. ஊர்தோறும் உள்ள ஏரி, குளம், கண்மாய்களுள் ஒன்றையேனும் அவ்வெண்ணத்தோடு பேணும் பணியைத் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இத்திருநாளில் மேற்கொள்ளுமாயின், வேடந்தாங்கல் ஊரார் தொடங்கிய அறம் மேலும் தழைக்கும்.